இணையத்து லூப் வேண்டாம், நம்ம ஊர்ச் சத்தத்தில் ஹிப் ஹாப் பீட் செய்ய வழி சொல்லுங்கள்

சிப்புட் பையன்

வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை (எண்ணெய்ப் பனை)த் தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்பில் இருக்கிறேன். எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் பீட் செய்கிறேன். பழைய மடிக்கணினி, ஒரு ஹெட்ஃபோன், 25 கட்டை கொண்ட சின்ன கீபோர்டு, அவ்வளவுதான் வசதி. மென்பொருள் ஓரளவு பழகிவிட்டது. பிரச்சினை வேறு. போன மாதம் ஒரு பீட்டைக் கூட்டாளி ஒருவரிடம் கொடுத்தேன், அவர் ராப் பாடுவார். கேட்டதும் "இந்த மெலடியை வேறு ஒருத்தர் பாட்டில் கேட்டிருக்கிறேனே" என்றார். தேடிப் பார்த்தேன், உண்மைதான். நான் வாங்கிய அதே லூப் (திரும்பத் திரும்ப ஓட்டும் சின்ன இசைத் துண்டு) தொகுப்பை வைத்து உலகம் முழுக்க எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். உரிமம் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் இது என்னுடைய பீட் என்று சொல்ல மனம் வரவில்லை.

அதனால் கேட்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? மெலடியா, டிரம்மா? இசைக் கோட்பாடு கட்டாயம் தெரிய வேண்டுமா? அப்புறம், எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவன் நான், அதை ஹிப் ஹாப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஆசை. ஆனால் இதுவரைக்கும் நான் கேட்டதில் பெரும்பாலும் ட்ராப் (ஹிப் ஹாப்பில் ஒரு வகை) பீட் மேல் உறுமி லூப்பை ஒட்டினது போலத்தான் இருக்கிறது, உள்ளே கலக்கவே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய எம்பிசி

தம்பி, நல்ல கேள்வி. நான் ஈப்போ. மெலடியையும் டிரம்மையும் கொஞ்சம் தள்ளி வை. முதலில் சத்தம் சேர்.

ஏன் என்று சொல்கிறேன். 1973-ல் நியூயார்க் பிராங்ஸில் டிஜே கூல் ஹெர்க் என்ன செய்தார்? பாட்டில் பாடகர் நிறுத்தி டிரம் மட்டும் ஓடுகிற சில வினாடி வரும் இல்லையா, அந்த இடத்தை மட்டும், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதியை வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். வீட்டில் இருந்த தட்டு, வீட்டில் இருந்த ஒலிபெருக்கி, அதிலிருந்து பிறந்ததுதான் இது எல்லாம். அப்புறம் 1987-ல் எமு நிறுவனத்தின் எஸ்பி-1200 என்ற பீட் இயந்திரம் வந்தது. அதில் மொத்தமே 10 வினாடி அளவுக்குத்தான் சத்தம் பதிய முடியும், 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ். இடம் பற்றாமல் 33 சுற்றுத் தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிந்து, இயந்திரத்துக்குள் வேகத்தைக் குறைத்து வாசித்தார்கள். அந்தக் கரகரப்பும் கனமும் வந்தது அதனால்தான். இன்றைக்கு அதே கரகரப்பைக் காசு கொடுத்து பிளக்-இன் ஆக வாங்குகிறார்கள். நீ சும்மாவே செய்யலாம்: எந்தச் சத்தத்தையும் 5 செமிடோன் (அரைச்சுரம்) மேலே ஏற்று, 12 பிட்டுக்குக் குறைத்து ஏற்றுமதி செய், திரும்ப உள்ளே கொண்டுவந்து 5 செமிடோன் இறக்கு.

சரி, சத்தத்துக்கு வருவோம். உன்னைச் சுற்றி இருப்பது வேறு யாரிடமும் இல்லை. செம்பனைக் குலையை லோரியில் ஏற்றும் இடத்துக்குப் போ. அறுக்கும்போது மரத்தடியில் நிற்காதே, ஏற்றும் இடமே போதும். குலை தரையில் விழும்போது வரும் 'தொம்', அதுதான் உன் கிக், அதாவது டிரம்மின் கனத்த அடி. உதிரிப்பழத்தை வாளியில் கொட்டுகிற சலசலப்பு ஷேக்கர். ரப்பர் இன்னும் வெட்டுகிற இடம் பக்கத்தில் இருந்தால் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) மேல் மங்கு அடுக்கும்போது ஒரு 'டிங்' வரும், அது டிரம்மின் ஹை-ஹாட் தட்டுச் சத்தம் ஆகும். மோட்டார் ஸ்டாண்டைக் காலால் தள்ளும் சத்தத்தை ஸ்னேர் (சுரீர் என்று விழும் டிரம் அடி) மேல் வைத்துப் பார், எந்தத் தொகுப்பிலும் கிடைக்காத ஒரு வெடிப்பு வரும்.

கைப்பேசியே போதும். ஆனால் எம்பி3 ஆகப் பதியாதே, வேவ் கோப்பாகப் பதி. அழைப்பு வராமல் அணைத்து வை. மைக்கைச் சத்தத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடி. ஒரே சத்தத்தை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பல முறை எடு, ஏனென்றால் ஒரே ஹை-ஹாட் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரம் அடிப்பது காதுக்கு உடனே தெரிந்துவிடும். வெட்டும்போது முன்னால் இருக்கும் வெற்றிடத்தை அடியின் நுனி வரைக்கும் நறுக்கு, கடைசியில் ஒலி மெல்லத் தேயும்படி ஒரு சின்ன ஃபேட் வை, இல்லையென்றால் 'டிக்' என்று ஒரு ஒலி வந்துகொண்டே இருக்கும்.

குலை கிக் பற்றி ஒரு விஷயம். கைப்பேசி மைக் அடி அலைவரிசையைப் பிடிக்காது. தொம்மின் மேல்பாதிதான் உனக்குக் கிடைக்கும். அடியில் ஒரு சைன் அலையை வை, 150 ஹெர்ட்ஸில் தொடங்கி 50 மில்லிவினாடிக்குள் 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கட்டும். பதிவு செய்ததில் 120-க்குக் கீழே இருப்பதை வெட்டிவிடு. இரண்டும் சேர்ந்தால் நெஞ்சில் இடிக்கும், அதே சமயம் அது உன் தோட்டத்துச் சத்தமாகவும் இருக்கும்.


நடுலயம்

குலை கிக் செய்து பார்த்துவிட்டு இங்கே போடுங்கள் தம்பி. கேட்க ஆவலாக இருக்கிறேன். எங்கள் பக்கம் தகரக் கூரை மழையைப் பதிந்து பின்னால் மெல்லியதாக ஓட விட்டிருக்கிறேன், வினைல் இரைச்சலுக்குப் பதிலாக. அருமையாக உட்காருகிறது.


தவில் வீட்டுப் பிள்ளை

உறுமி கேள்விக்கு நான் வருகிறேன். வீட்டில் தவில், தெருவில் உறுமி, இரண்டும் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

ஒட்டினது போல இருக்கிறது என்று சொன்னீர்கள், காரணம் கணக்கில் இருக்கிறது. திருவிழாவில் நம்ம பக்கம் அதிகம் ஓடுவது மும்மை நடை, ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று: தகிட தகிட தகிட தகிட. நீங்கள் எஃப்எல்லில் திறக்கும் கட்டம் ஒவ்வொரு அடிக்குள்ளும் நான்கு: தகதிமி தகதிமி தகதிமி தகதிமி. மூன்றாக ஓடும் லூப்பை நான்காக ஓடும் ஹை-ஹாட் மேல் போட்டால் அடி தொடங்கும் இடத்தில் மட்டும் இரண்டும் சந்திக்கும், நடுவில் முழுக்க உரசும். மென்பொருள் வேகத்தைச் சரிசெய்துவிடும், நடையைச் சரிசெய்யாது.

இதற்கு என்ன செய்யலாம் என்றால், ஒன்று, பீட் முழுவதையும் மும்மைக்கு மாற்றிவிடுங்கள். கட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. ஹை-ஹாட்டும் தகிட, கிக்கும் தகிட. ராப் பாடுபவரும் மும்மையில் பாட வேண்டும், அது பழகினால் நன்றாக ஓடும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. கட்டம் நான்காகவே இருக்கட்டும், அழுத்தத்தை மட்டும் மூன்று மூன்றாக வையுங்கள். எட்டு எண்ணிக்கைக்கு "தகிட தகிட தக", மூன்று மூன்று இரண்டு. கிக்கை ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் வையுங்கள், ஸ்னேர் வழக்கம்போல இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும். பதினாறுக்கு "தகிட தகிட தகிட தகிட தக தக". வாயால் முதலில் சொல்லுங்கள், தொடையில் தட்டுங்கள், அப்புறம் கணினியைத் திறங்கள். இப்படிச் செய்தால் உறுமி அடி ஒன்றுகூட இல்லாமலே கேட்பவருக்கு நம்ம ஊர் வாசம் வரும். அதற்கப்புறம் உண்மையான உறுமியை ஒரு இடத்தில் மட்டும் வைத்தாலும் உள்ளே போய் உட்காரும்.

கோட்பாடு கேட்டீர்கள். தாளத்தைப் பொறுத்தவரை நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. தக, தகிட, தகதிமி, தகதகிட, தகிடதகதிமி. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு. இதைத் தாண்டி முதலில் எதுவும் தேவையில்லை.

அப்புறம் உறுமியின் உயிர் அடியில் இல்லை, தேய்ப்பில் இருக்கிறது. ஒரு பக்கம் குச்சியால் அடி, மறுபக்கம் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது 'ஹூம்ம்' என்று ஒரு முனகல் கீழிருந்து மேலே ஏறும். 808 டிரம் இயந்திரத்தின் பாஸை ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகச் செய்கிறார்களே, அதே அசைவு. பியானோ ரோலில் (சுரங்களை வரையும் திரையில்) ஸ்லைடு போடும்போது உறுமிக்காரர் கை எப்படிப் போகும் என்று நினைத்துப் போடுங்கள். எங்கே அழுத்துவார், எங்கே விடுவார். இந்த ஒரு விஷயம்தான் உங்கள் பீட்டை வேறு ஊர்க்காரர் பீட்டிலிருந்து பிரித்துக் காட்டும் என்று நம்புகிறேன்.


சிப்புட் பையன்

அண்ணே, இதை எழுதி வைத்துக்கொண்டேன். தகிட தகிட தக வைத்துப் பார்த்தேன், கிக் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. ஆனால் எல்லா அடியும் கட்டத்தில் சரியாக உட்கார்ந்திருப்பதால் இன்னும் விறைப்பாக இருக்கிறது. குவான்டைஸை (அடியைக் கட்டத்தில் தானாக உட்கார வைக்கும் வசதியை) அணைத்துவிட்டு கையால் வாசிக்கலாமா, அல்லது சுவிங் போடுவதா?


பழைய எம்பிசி

இரண்டும் செய்யலாம், என்ன நடக்கிறது என்று தெரிந்து செய்.

சுவிங் என்பது ஒவ்வொரு இரண்டாவது பதினாறாம் பங்கையும் கொஞ்சம் தாமதமாக்குவது. ரோஜர் லின் வடிவமைத்து அகாய் நிறுவனம் 1988-ல் வெளியிட்ட எம்பிசி60 என்ற பீட் இயந்திரத்தில் இது 50 முதல் 75 விழுக்காடு வரை இருந்தது. 50 என்றால் நேர். 66 என்றால் ஏறக்குறைய மும்மை. நடுவில் இருப்பதில்தான் ஹிப் ஹாப் வாழ்கிறது. 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி) எடுத்துக்கொள். ஒரு அடி 667 மில்லிவினாடி, ஒரு பதினாறாம் பங்கு 167. சுவிங் 54 என்றால் இரண்டாவது பதினாறாம் பங்கு 13 மில்லிவினாடி தள்ளிப் போகும். 58 என்றால் 27. 62 என்றால் 40. 13-ஐக் காது தனியாகக் கண்டுபிடிக்காது, உடம்பு கண்டுபிடிக்கும். நான் பெரும்பாலும் 54-க்கும் 58-க்கும் நடுவில் நிற்பேன். எஃப்எல்லில் சுவிங் குமிழில் இந்த விழுக்காடு இருக்காது, காதை வைத்துத்தான் திருப்ப வேண்டும்.

ஆனால் முக்கியமானது, எல்லாச் சத்தத்துக்கும் ஒரே சுவிங் போடாதே. பீட் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் பீட்டைக் கவனித்துக் கேட்டால் ஒவ்வொரு சத்தமும் வேறு வேறு நேரத்தில் நடப்பது தெரியும். ஹை-ஹாட் நேராக ஓடும், கிக் தளர்ந்து வரும், மொத்தமும் விழுகிற மாதிரி போய் விழாமல் நிற்கும். நீ ஷேக்கரைச் சுவிங்கில் விடு, மங்கு ஹாட்டை நேராக விடு, ஸ்னேரை மட்டும் கையால் 10 அல்லது 15 மில்லிவினாடி பின்னால் இழு. சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். முன்னால் இழுத்தால் அவசரப்படுத்தும், அதுவும் சில பாட்டுக்குத் தேவை.

உறுமியைப் பதியும்போது குவான்டைஸ் பக்கமே போகாதே. அந்த மனிதர் கையில் இருக்கும் நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை அவரை நோக்கி நகர்த்து.


மைக் அக்கா

நான் கோலகங்சார், ராப் எழுதிப் பாடுகிறவள். பீட் செய்கிற தம்பிகள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எனக்கு அனுப்பும் பீட்டில் பத்தில் எட்டுக்கு நான் பாட இடமே இருக்காது. மெலடி, எதிர் மெலடி, மணி, புல்லாங்குழல், பின்னால் ஒரு கோரஸ், எல்லாம் ஒரே நேரத்தில். பீட் தனியாகக் கேட்க நிறைவாக இருந்தால் பாடுகிறவருக்கு இடம் பற்றாது. கொஞ்சம் வெறுமையாகத் தெரிய வேண்டும், அந்த வெறுமை எங்களுக்கு.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம். நம்ம மொழியில் வல்லினம் இரட்டிக்கும் இடம் எல்லாம் அடி. கட்டு, பட்டு, வெட்டு, திக்கு, தப்பு. பாடும்போதே ஒரு டிரம் ஓடுகிறது. அந்த இடங்களில் நீங்கள் ஸ்னேர் ரோல் போட்டால் இரண்டும் சண்டை போடும், சொல் கேட்காது. சொல் தெளிவு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. அங்கே உங்கள் சின்த்தை (மின்னணு இசைச் சத்தத்தை) 3 டெசிபெல் இறக்கிக் கொடுங்கள். உறுமியின் அடிப்பக்கக் குச்சிச் சத்தமும் அங்கேதான் விழும், அதனால் நான் பாடும்போது உறுமி தேய்ப்பு மட்டும் போதும், அடி ஹூக்கில் (பல்லவி மாதிரி திரும்ப வரும் பகுதியில்) வரட்டும்.

அமைப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 90 பிபிஎம்-இல் 16 பார் (ஒரு பார் நான்கு அடி) ஏறக்குறைய 43 வினாடி. அந்த 43 வினாடியும் ஒரே லூப் ஓடினால் நான் என்ன சொன்னாலும் கேட்பவர் மனம் போய்விடும். புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், எடுங்கள். நான்காவது பார் முடிவில் கிக்கை ஒரு அடி நிறுத்துங்கள். எட்டாவது பாரில் பாஸை முழுக்க எடுங்கள், திரும்ப வரும்போது அது இரண்டு மடங்காகத் தெரியும். பன்னிரண்டில் ஹை-ஹாட்டை எடுங்கள். வரியின் கடைசிச் சொல்லுக்கு எல்லாமே நிற்கட்டும், அந்தச் சொல் தனியாக விழட்டும். அதற்காகத்தான் ஒருவர் உட்கார்ந்து இரவெல்லாம் எழுதியிருப்பார்.


கேசட் கடை

எல்லாம் சரி. ஆனால் ஏன் இவ்வளவு கஷ்டம்? நம்மிடம் அறுபது எழுபது ஆண்டுத் தமிழ்ப் படப்பாட்டு இருக்கிறது. வயலின் ஒரு வரியை எடுத்து நறுக்கினால் போதாதா? 2006-ல் யோகி பி & நட்சத்ரா பழைய இளையராஜா பாட்டை வைத்துச் செய்ததுதானே தமிழ்நாடு வரைக்கும் நம்ம நாட்டு ராப்பைக் கொண்டுபோனது? ஹிப் ஹாப்பே சாம்பிளில் (பழைய பதிவிலிருந்து எடுத்த துண்டில்) பிறந்ததுதான், மேலே எம்பிசி அண்ணனும் அதைத்தான் எழுதியிருக்கிறார். ஏழு வினாடிக்குள் எடுத்தால் பிரச்சினை இல்லை என்றும் சொல்கிறார்கள்.


சட்ட மாணவி

ஏழு வினாடிக் கணக்கு எந்தச் சட்டத்திலும் கிடையாது. இது பரவிக்கொண்டே இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. இசையும் வரியும் இயற்றியவர்களுடையது ஒன்று, அந்த ஒலிப்பதிவு இன்னொன்று, அது பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்திடம் இருக்கும். நேரடியாக நறுக்கி எடுத்தால் இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும். மெலடியை நீங்களே திரும்ப வாசித்தால் ஒலிப்பதிவு உரிமை வராது, இயற்றியவர் உரிமை மட்டும் நிற்கும். நம்ம நாட்டில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இயற்றியவர் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும் அந்த உரிமை இருக்கிறது. ஆக, பழைய பாட்டு என்பதால் பொதுச் சொத்து ஆகிவிடாது.

ஹிப் ஹாப் சாம்பிளில் பிறந்தது உண்மை. 1991-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மேல் நடந்த வழக்கில், அனுமதி இல்லாமல் எடுத்தது திருட்டு என்று தீர்ப்பு வந்தது. அதற்கப்புறம் பெரிய நிறுவனங்கள் அனுமதி வாங்காத சாம்பிளை வெளியிடப் பயந்தன, பீட் செய்யும் விதமே மாறியது. வீட்டில் பழகுவதற்கு நறுக்குங்கள், காதுக்கு நல்ல பயிற்சி. வெளியிடுவதற்கு முன் யோசியுங்கள்.

லூப் தொகுப்பு பற்றியும் ஒரு வரி. உரிமம் இருந்தாலும் அது உங்களுக்கு மட்டுமான உரிமம் இல்லை. அதே லூப்பை வைத்து இன்னொருவர் முதலில் பாட்டைப் பதிவேற்றியிருந்தால், காணொளித் தளத்தின் தானியங்கி உங்கள் பாட்டை அவருடையது என்று பிடிக்கலாம். அப்புறம் நீங்கள் உரிமத்தைக் காட்டி வாதாட வேண்டும்.


கேசட் கடை

புரிகிறது. ஆனாலும் பழைய பாட்டைத் தொடாமல் ஒரு தலைமுறை வளர்ந்தால் அந்தப் பாட்டுகள் என்ன ஆகும் என்ற கவலை எனக்குப் போகவில்லை. எங்கள் அப்பா தோட்டத்து லய வீட்டில் சின்ன ரேடியோவில் கேட்டது எல்லாம் ஒரு இழையாக வர வேண்டும் என்று நினைக்கிறேன்.


தவில் வீட்டுப் பிள்ளை

பாட்டைத் தொடாமலே அந்த இழை வரும். ராகம் யாருடைய தனிச் சொத்தும் இல்லை. ட்ராப்பில் இருண்ட மெலடிக்கு எல்லாரும் மைனர் ஸ்கேலையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சி-இல் மாயாமாளவகௌளை வைத்துப் பாருங்கள்: சி, டி பிளாட், ஈ, எஃப், ஜி, ஏ பிளாட், பி. பள்ளியில் சரளி வரிசை கற்றவர்களுக்குக் கையில் இருக்கும். கீழே 808-ஐ சி-யிலும் டி பிளாட்டிலும் மட்டும் அசையுங்கள், மேலே நான்கு சுரம் போதும். கார்டு அடுக்க வேண்டாம், ஒற்றை வரி, அதைக் கொஞ்சம் வழுக்கி வாசியுங்கள். அப்பா கேட்ட ரேடியோவின் நிறம் அதிலேயே இருக்கும்.


நடுலயம்

நான் வேறு ஒன்று கேட்க நினைத்தேன். எங்கள் பாட்டி ஒப்பாரி நன்றாகப் பாடுவார். அதைப் பதிந்து நறுக்கி, மூன்று செமிடோன் இறக்கி பீட்டில் வைக்கலாமா? ஒரு சாவு வீட்டில் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.


மைக் அக்கா

சாவு வீட்டில் கைப்பேசியை நீட்டாதே தம்பி, தயவுசெய்து. அது அவர்களுடைய துக்கம். பாட்டியை வீட்டில் உட்கார வைத்து, எதற்காக என்று சொல்லி, அவர் சம்மதித்தால் பதி. பீட் முடிந்ததும் முதலில் அவருக்குப் போட்டுக் காட்டு. பெயரைப் போட வேண்டுமா என்று கேள்.


உறுமி செட்

பல நாளாக இந்தத் தளத்தைப் படிக்கிறேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நான் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறேன். எங்களிடம் ஆசையாகப் பதிய வருகிறார்கள், சந்தோஷம். ஆனால் சில அடி இருக்கிறது, அது சாமி அழைக்கும் அடி. அதை வாசித்தால் கூட்டத்தில் ஆளுக்கு அருள் வரும். அந்த அடியை எடுத்து ஆட்டம் போடும் பாட்டில் வைத்ததைக் கேட்டிருக்கிறேன். எனக்கு மனம் வலித்தது. எங்களில் மூத்தவர்கள் இன்னும் வருத்தப்பட்டார்கள். பதியும்போது குழுத் தலைவரிடம் கேளுங்கள், எது வைக்கலாம் எது வேண்டாம் என்று அவரே சொல்வார். ஊர்வல நடை, ஆட்ட நடை எத்தனையோ இருக்கிறது, தாராளமாகத் தருவோம்.


கேசட் கடை

தாளம் எல்லாருக்கும் பொது இல்லையா? ஒரு தாளத்துக்கு வேலி போட்டால் அது எப்படி வளரும்?


உறுமி செட்

தாளம் பொதுதான் அண்ணே. நான் வேலி போடவில்லை. கேட்டுவிட்டு எடுங்கள் என்கிறேன். திருவிழா நேரத்தில் பதியாமல் பயிற்சி நேரத்தில் வாருங்கள். எங்களுக்கும் நல்லது, உங்களுக்கும் சத்தம் சுத்தமாகக் கிடைக்கும்.


சட்ட மாணவி

தாளத்துக்கு உரிமை இல்லை, ஆனால் வாசித்தவருக்கு உரிமை உண்டு. நிகழ்த்துபவரின் உரிமையையும் நம்ம சட்டம் ஏற்கிறது. வாய்ச்சொல் போதாது, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: என்ன பதிந்தோம், எதற்குப் பயன்படும், எவ்வளவு கொடுத்தோம், பெயர் எப்படிப் போடுவோம். பாட்டு ஓடிய பிறகு கேட்டால் நட்பு கெடும்.


பழைய எம்பிசி

உறுமி செட் தம்பி சொன்னது முழுக்கச் சரி. பணமும் கொடுங்கள், சாப்பாடும் வாங்கிக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம் விட்டுப்போனது, 808. ரோலண்ட் டிஆர்-808 1980-ல் வந்தது, 1983-லேயே நிறுத்திவிட்டார்கள். வந்த காலத்தில் உண்மையான டிரம் மாதிரி இல்லை என்று ஒதுக்கினார்கள். அந்தக் கிக்கின் நீளமான வால்தான் பின்னால் பாஸாகவே மாறியது. அது பாஸ் என்றால் அதற்குச் சுருதி உண்டு, சுருதி சேர்க்காமல் போட்டால் பாட்டு முழுக்க ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். ஏ1 என்பது 55 ஹெர்ட்ஸ், ஜி1 49, எஃப்1 ஏறக்குறைய 44, ஈ1 41. ஈ-க்குக் கீழே போனால் பெரும்பாலான ஒலிபெருக்கியில் காற்றுதான் வரும்.

கைப்பேசியில் கேட்பவர்களுக்கு இந்த 50 ஹெர்ட்ஸ் எதுவும் கேட்காது. அதனால் 808 மேல் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகக் கரகரக்கச் செய்வது) போடு, 55-க்கு மேல் 110, 165, 220 என்று மேல்சுரங்கள் பிறக்கும், காது அதை வைத்து அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். பாஸ் எப்போதும் நடுவில், மோனோவில் இருக்கட்டும். குலை கிக்கும் 808-உம் ஒரே நேரத்தில் விழும் இடத்தில், கிக் அடிக்கும் அந்தக் கணம் 808 கொஞ்சம் இறங்கி வழிவிட வேண்டும், சைடுசெயின் அதற்குத்தான். மாஸ்டரில் (எல்லாம் சேரும் கடைசித் தடத்தில்) உச்சத்தை அமுக்கும் லிமிட்டரை வைத்து நசுக்காமல் உச்சத்தில் 6 டெசிபெல் இடம் விட்டு அனுப்பு. பாடும் குரல் மேலே வர இடம் வேண்டும்.


சிப்புட் பையன்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. உறுமி செட் அண்ணன் தனிச்செய்தியில் பேசினார், எங்கள் பக்கத்துக் குழுவையே அறிமுகப்படுத்தினார். நேற்றுப் பயிற்சியில் போய்ப் பதிந்தேன். தலைவரிடம் கேட்டு ஊர்வல நடை மட்டும் எடுத்தேன், தாளும் எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று. கூட்டாளியின் மைக், என் மடிக்கணினி. வாசிப்பு அபாரம். ஆனால் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் தொடர்ந்து இருக்கிறது. 808-ஐ ஜி-யில் வைத்தால் அந்த இரைச்சல் ஒரு மாதிரி ஏறி ஏறி இறங்குகிறது, ஏ-யில் வைத்தால் அப்படி இல்லை. இது என்ன?


பழைய எம்பிசி

மடிக்கணினி சார்ஜரில் போட்டபடி பதிந்திருப்பாய். நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சல் 50-லும் அதன் மடங்குகளான 100, 150, 200-லும் உட்கார்ந்திருக்கும். உன் ஜி 49. 49-உம் 50-உம் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் வினாடிக்கு ஒரு முறை கூடிக் குறையும், நீ கேட்கும் ஏற்றஇறக்கம் அதுதான். ஏ 55, தள்ளி இருப்பதால் அந்த மெதுவான ஏற்றஇறக்கம் தெரியாது.

பதிவை வீணாக்க வேண்டாம். அடிப்பகுதி எப்படியும் 808-இலிருந்து வருகிறது, அதனால் உறுமித் தடத்தில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுக்க வெட்டு. 100, 150, 200 மூன்றிலும் ஈக்யூவில் (அலைவரிசையை ஏற்றி இறக்கும் கருவியில்) மிகக் குறுகலாக ஒரு பள்ளம் போடு. அகலமாகப் போட்டால் தேய்ப்பின் முனகல் செத்துவிடும், அது 100-க்கு மேல்தான் அழகாக இருக்கும். அடுத்த முறை பேட்டரியில் ஓட்டு, மைக் கம்பியை மின்கம்பியோடு சேர்த்துப் போடாதே.


தவில் வீட்டுப் பிள்ளை

தம்பி, வெட்டுவதற்கு முன் மூலப் பதிவை அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். குழு எந்த வேகத்தில் வாசித்தது? நடுவில் ஏறியிருப்பார்கள், ஊர்வல நடை எப்போதும் ஏறும். மென்பொருளில் ஒவ்வொரு நான்கு பாருக்கும் வேகத்தைத் தனித்தனியாகக் குறியுங்கள், உறுமியை இழுத்து நேராக்க வேண்டாம்.


சிப்புட் பையன்

92-ல் தொடங்கி 97-ல் முடிந்திருக்கிறது அண்ணே. சார்ஜர் விஷயம் சரிதான், போட்டபடிதான் பதிந்தேன். பள்ளம் போட்டேன், இரைச்சல் போய்விட்டது, முனகல் நிற்கிறது. 92-லிருந்து 97 வரைக்கும் பீட்டையும் அப்படியே ஏற விடலாமா, பாடுகிறவருக்குக் கஷ்டமாக இருக்குமா?


மைக் அக்கா

ஏற விடு. ஹூக் வருவதற்குள் 94, கடைசி வெர்ஸுக்கு 97. கூட்டம் தெருவில் நடக்கும்போது அப்படித்தான் மூச்சு வாங்கும், நான் அதற்குத் தகுந்த மாதிரி எழுதுகிறேன். உறுமி, குலை கிக், 808, மற்றது எல்லாவற்றையும் தனித்தனி வேவ் கோப்பாக, 24 பிட்டில், எல்லாம் ஒரே இடத்திலிருந்து தொடங்கும்படி ஏற்றி அனுப்பு. கோப்பின் பெயரிலேயே வேகத்தையும் சுருதியையும் எழுது. குழுத் தலைவர் பெயரை எப்படிப் போடச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுது, ஞாயிற்றுக்கிழமை எழுத உட்காருகிறேன்.